25 சதத்தின் கதை

இலங்கையின் வரலாற்றில் 25 சதம் என்ற சிறு தொகை இரு தடவைகள் பெரும் பேச்சுக்கு உள்ளானது. முதல் தடவை 1953 இல். அப்போது அது ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை. இரண்டாம் தடவை 2020 இல். அப்போது அது ஒரு கிலோ இறக்குமதிச் சீனிக்கு அறவிடப்பட்ட வரி. முதலாவது 25 சதத்தில் அரசாங்கம் கைவைத்தபோது ஒரு பிரதமர் பதவி துறக்க நேர்ந்தது. இரண்டாவது 25 சதத்தினால் திறைசேரி 1500 கோடி ரூபாவுக்கும் அதிகமாக இழந்தது. அதற்காகப் பதவி துறந்த அமைச்சர் எவருமில்லை. இடைப்பட்ட 67 ஆண்டுகளில் சோற்றின் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்பதை அறிந்தால்தான் இன்றைய விலைவாசியின் தன்மை விளங்கும்.

கூப்பன் அரிசி உலகப் போர் பெற்ற பிள்ளை. இந்நாடு உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தபோது பர்மிய அரிசி அற்றுப்போனது. அரிசியை அரசே கொள்வனவு செய்து, தலைக்கு இவ்வளவு எனக் கூப்பனுக்குப் பகிரும் முறை அவ்வாண்டிலேயே வந்தது. பகிர்வதற்குக் கடைகள் வேண்டுமல்லவா? நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. எங்கள் ஊர்களில் இன்றும் முதியவர்கள் வாயில் வழங்கும் ‘சங்கக்கடை’ அக்காலத்தில் வேரூன்றியதே. பதுக்கலும் கறுப்புச் சந்தையும் அப்போதும் இருந்தன. ஆயினும் அரிசிக் களஞ்சியத்தின் திறப்பு அரசின் இடுப்பில் இருந்தமையால் தனியார் வணிகர் ஓரளவுக்கு மேல் விலையை ஏற்ற இயலவில்லை.

போர் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. கொரியப் போர்க்காலத்தில் றப்பர் விலை உயர்ந்து நாட்டுக்குப் பணம் கொட்டியது. பின்னர் றப்பர் விழுந்தது, அரிசி உலகச் சந்தையில் ஏறியது. அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது 1952 டிசம்பரில் சீனாவுடன் றப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது இந்த நெருக்கடியினாற்றான். ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது ஏற்பாடு. அப்படியிருந்தும் 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன மானியத்தை வெட்டினார். ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய பணிசும் பறிபோனது.

அடுத்து நடந்தது யாவரும் அறிந்ததே. ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால். இடதுசாரிகள் முன்னின்றனர்; தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் வரை மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது! ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க விலகினார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவலை அரிசியை 55 சதத்துக்கு இறக்கினார்.

ஹர்த்தாலைப் பற்றி எழுதியோர் அதன் வீரத்தை அதிகம் பேசினர். நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. அன்று விலைக்கு ஒரு விலாசம் இருந்தது. அரிசி ஏன் ஏறியது, எவர் ஏற்றினார், எவரிடம் போய்க் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கூப்பன் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

விலாசம் இல்லாத விலையேற்றம் என்ன செய்யும் என்பதற்கு 1915 சான்று. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பண்டங்களின் விலை ஏறிற்று. ஏற்றத்தின் வேர் கப்பற் போக்குவரத்திலும் போர்ச் சந்தையிலும் இருந்தது. ஆனால் வாடிக்கையாளன் கண்ணுக்குத் தெரிந்தவர் தெருமுனையில் கடை வைத்திருந்த கரையோரச் சோனகரே. அவ்வாண்டுக் கலவரத்துக்கு மதக் காரணம் உண்டு, ஊர்வலத் தகராறு உண்டு. கடைகள் சூறையாடப்பட்டதன் பின்னால் இந்த விலைக் கோபமும் உண்டென்பதை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். மொத்த வியாபாரத்தின் கணக்கைச் சில்லறைக் கடைக்காரன் உயிரால் தீர்த்த கதை அது.

அரசு களஞ்சியத்தை வைத்திருந்தால் எல்லாம் நலமே என்று சொல்ல வரவில்லை. 1970 இல் சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அம்மையாரின் காலம் அதற்கு மறுப்பு. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. 1973 – 74 இல் உலகத் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏற, நெல்லை வாங்கும் உரிமை சபைக்கு மட்டுமே ஆகியது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கச் சாவடிகள் போடப்பட்டன. பாணுக்கு விடியுமுன்னரே வரிசை. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் இறக்குமதித் தடையினால் நிமிர்ந்தனர் என்பது உண்மை. அதே காலத்தில் வயலோ தோட்டமோ சொந்தமாக இல்லாத மலையகத் தொழிலாளர், கூப்பன் குறைந்தபோது வேறு கதியின்றிப் பட்டினி கிடந்தனர். பெருந்தோட்டங்களில் மரண வீதம் 1974 இல் கூர்மையாக உயர்ந்தது. எங்கள் சமூகத்தின் ஒரு பகுதி பணம் கண்ட ஆண்டுகளில் இன்னொரு பகுதி பிணம் கண்டது. வடக்கில் அக்காலத்தைப் பொற்காலமாக நினைவுகூருவோர் இதைச் சேர்த்து நினைப்பது அரிது.

1977 இன் பின் சக்கரம் மறுபுறம் சுழன்றது. 1978 இல் கூப்பன் பாதி மக்களுக்கு மட்டும் என்றானது. 1979 இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. கூப்பன் என்பது இத்தனை கொத்து அரிசி. முத்திரை என்பது இத்தனை ரூபா. விலை ஏற ஏற முத்திரையின் தொகை அப்படியே நின்றது. மானியத்தை வெட்டுகிறேன் என்று எவரும் அறிவிக்காமலே மானியம் தேய்ந்தது. ஹர்த்தாலுக்கு நாள் குறிக்க இடமே இல்லை. இதனை வகுத்தவர் 1953 இல் பாடம் படித்த அதே ஜே.ஆர். என்பதை மறக்கலாகாது.

1990களில் நெல் சந்தைப்படுத்தும் சபையும் ஒடுங்கியது. பின்னர் 2000களின் பிற்பகுதியில் உயிர்ப்பிக்கப்பட்டாலும் பழைய பலம் திரும்பவில்லை. நெல் வைக்க இடமின்றி 2015 இல் மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில் அதை அடுக்கி வைத்த வேடிக்கையையும் பார்த்தோம். அரசு விட்ட இடத்தைப் பொலன்னறுவையை மையமாகக் கொண்ட பெரும் ஆலைகள் நிரப்பின. இதில் மாயம் ஒன்றுமில்லை. அறுவடை முடிந்ததும் விவசாயிக்குக் கடன் நெருக்கும். நெல்லில் ஈரம் இருக்கும், சேமிக்க இடம் இராது. அவர் வந்த விலைக்கு விற்பார். ஆலைக்காரரிடம் உலர்த்தி உண்டு, களஞ்சியம் உண்டு, நெல்லை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெறும் வசதி உண்டு. அவர் காத்திருக்கலாம். கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் விளைந்த நெல் பொலன்னறுவைக்குப் போய், பெயர் அச்சிட்ட பையில் அடைபட்டு, விளைந்த ஊரின் கடைக்கே கூடிய விலையில் திரும்பி வருகிறது.

சட்டம் என்ன செய்தது? 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்கும் ஏற்பாடுகள் இருந்தன. அதனை நீக்கிவந்த 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்தில் அவை விடப்பட்டன. எஞ்சியது வர்த்தமானியில் உச்ச சில்லறை விலையை அறிவிக்கும் அதிகாரம். அதை மீறும் கம்பனி ஒன்றுக்கு 2021 வரை விதிக்கக்கூடியதாக இருந்த தண்டப்பணம் கூடியது 1 இலட்சம் ரூபா. கிலோவுக்கு 10 ரூபா அதிகம் வைத்தால் 10 தொன் அரிசியில், அதாவது ஒரு லொறிச் சுமையில், அந்தத் தண்டம் அடைபட்டுவிடும்! அந்த ஆண்டு தொகை 50 இலட்சம் வரை உயர்த்தப்பட்டது. ஆனால் அதிகாரிகள் ஏறி இறங்குவது பெரும்பாலும் சில்லறைக் கடைகளில்தான். 230 ரூபாவுக்கு வாங்கியவன் 220 ரூபாவுக்கு விற்கவில்லையென வழக்கு எழுதப்படும். 1915 இன் நிழல் இது.

இப்பின்னணியிலேயே இரண்டாவது 25 சதம் வருகிறது. 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைக்கப்பட்டது. கடையில் விலை அவ்வளவு குறைந்ததா? இல்லை. மக்கள் பெயரால் விடப்பட்ட வரி இறக்குமதியாளரின் கணக்கில் தங்கியது. மறுவருடம் ஆகஸ்ட் 30 ஆம் திகதி அத்தியாவசிய உணவு விநியோகத்துக்கென அவசரகாலச் சட்டமே பிரகடனமாயிற்று. முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவர் ஆணையாளரானார். களஞ்சியங்கள் முற்றுகையிடப்பட்ட படங்கள் தொலைக்காட்சியில் ஓடின. ஒரு மாதம் கழியுமுன் அரிசியின் உச்ச விலை நீக்கப்பட்டது. புதிய விலைகளை ஊடகங்களுக்கு அறிவித்தவர்கள் அமைச்சர்களல்லர், ஆலை அதிபர்கள். ஒக்டோபரில் பால்மா, எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாடும் போனது.

2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டமைக்கு வணிகரின் பேராசை மட்டுமே காரணம் என்பது நேர்மையான கணக்காகாது. இரசாயன உரத்தடை விளைச்சலை விழுத்தியது, ரூபா சரிந்தது, பணம் அச்சிடப்பட்டது. எனினும் பற்றாக்குறை எவ்வளவு, அதன்மேல் ஏறிய இலாபம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அரசிடமே இருப்புக் கணக்கு இருக்கவில்லை. அந்த இருட்டுத்தான் கொள்ளை இலாபத்துக்கு வசதியானது.

ஆட்சி மாறிய பின் 2024 டிசம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆலை அதிபர்களை அழைத்துப் பேசினார். நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை விலை 230 ரூபா எனத் தீர்மானிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசின் உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபா என அறிவிக்கப்பட்டது. நெல்லில் சுமார் 65 வீதம் அரிசி தேறும் என்று கொண்டால், ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் பெறுமதி ஏறக்குறைய 185 ரூபா. கடை விலைக்கும் அதற்கும் இடையே 45 ரூபா நிற்கிறது. உலர்த்தல், குற்றுதல், லொறி, கடைக்காரரின் 5 ரூபா யாவும் அதற்குள் அடங்க வேண்டும். தவிடு தனியே விலைபோகும். விவசாயிக்கு 120 ரூபா உண்மையில் கிடைத்திருந்தால் கணக்கு இது. அறுவடைக் களத்தில் ஈர நெல்லோடு நின்றவரிடம் லொறிக்காரர் என்ன விலைக்குக் கொண்டார் என்பதற்கு வர்த்தமானி எதுவும் வெளிவருவதில்லை.