ஸ்பானிய மொழியின் இறந்தகால விழைவுப்பாங்கு

நடந்ததைச் சொல்லாமல் விருப்பம், ஐயம், ஏவல், கற்பனை ஆகியவற்றைச் சொல்லும் ஸ்பானிய வினைவடிவம். முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தால் துணைவாக்கியத்தில் பெரும்பாலும் இதுவே வரும்: ‘கெரியா கே அப்லாராஸ்’ (நீ பேச வேண்டுமென விரும்பினேன்).

ஒழுங்கு வினைகளில் இதை ஆக்குவது எளிது. எளிய இறந்தகாலத்தின் படர்க்கைப் பன்மையை எடுத்து, ஈற்றிலுள்ள ‘ரோன்’ என்பதை நீக்கி ‘ரா’ சேர்க்க வேண்டும். பேசு என்னும் வினையில் அப்லாரோன், அப்லாரா ஆகும். உண் என்பதில் கொமியேரோன், கொமியேரா. வாழ் என்பதில் பிபியேரோன், பிபியேரா. எண், இடத்துக்கேற்ப ரா, ராஸ், ரா, ராமோஸ், ராயிஸ், ரான் என முடியும். அழுத்தத்தில் கவனம் தேவை: ‘அப்லாரா’ என்பதில் நடு அசையை விட்டுக் கடைசி அசையை அழுத்தினால் ‘பேசுவார்’ என்ற எதிர்காலமாகிவிடும்.

‘அப்லாசே’ போன்ற ‘சே’ ஈறும் உண்டு. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ‘சே’ அங்கேயே விழைவுப்பாங்காக இருந்தது, ‘ரா’வோ முன்னிறந்தகாலச் செய்திவினையாக இருந்து பின்னர் இப்பொருளுக்கு மாறியது. இன்று பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், ‘ரா’வே மேலோங்கியிருக்கிறது.

இவ்வடிவத்தின் அழகு நிபந்தனை வாக்கியங்களில்தான் முழுமையாகத் தெரியும். ‘சி பிபியேரா என் மாத்ரித்’ என்றால், இப்போது மாத்ரிதில் வாழாதவர் ‘அங்கே வாழ்ந்தால்’ என எண்ணிப் பார்ப்பது. ‘வாழ்ந்தால்’ என்னும் தமிழ் வடிவமும் இறந்தகால அடியில் எழுவதால் தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ‘போல’ என்னும் பொருள்படும் ‘கோமோ சி’க்குப் பின்னும் இவ்வடிவம் வரும்.