மூடுபனியில் செவ்விளக்கு

1952ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் இலண்டன் மாநகரின்மேல் இறங்கிய மூடுபனி, 9ஆம் நாள் வரையில் விலகவில்லை. அடுப்புகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் எழுந்த நிலக்கரிப் புகை பனியோடு கலந்து, மஞ்சளும் கருமையுமாய்த் தெருக்களை அடைத்து நின்றது. நடப்பவர் தம் பாதங்களையே காண இயலாத இடங்களும் இருந்தன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த இசை நாடகம், பனி உள்ளே புகுந்துவிட்டபடியால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பஸ் வண்டிகள் ஓடிய மட்டும், கண்டக்டர் கீழே இறங்கித் தீப்பந்தம் ஏந்தி முன்னே நடக்க, டிரைவர் அந்தச் சுடரையே குறியாகக் கொண்டு பின்னே ஊர்ந்து வந்தார். முன்னொரு காலத்தில் காசு வாங்கிக்கொண்டு பந்தம் பிடித்து வழிகாட்டிய இலண்டன் சிறுவர்களின் தொழில், மின்சார யுகத்தில் ஐந்து நாளைக்கு உயிர்பெற்று வந்ததுபோலும்!

அந்தப் பந்தம் பஸ்ஸுக்கு வழி காட்டிற்று. பஸ்ஸின் பின்னே வந்துகொண்டிருந்தவனுக்கு எது காட்டிற்று? மூடுபனியில் வண்டி ஓட்டுபவன் தான் பார்ப்பதைப் பற்றியே கவலைப்படுவது இயல்பு. தான் பிறர் கண்ணுக்குப் படுகிறோமா என்ற கவலை அவனுக்குப் பிந்தித்தான் வருகிறது. சாலைச் சட்டங்களுக்கும் அது பிந்தித்தான் வந்தது.

புகைவண்டிக்காரர்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தனர். 1841ஆம் ஆண்டிலேயே எட்வர்டு ஆல்பிரடு கௌப்பர் என்ற ஆங்கிலப் பொறியியலார், தண்டவாளத்தின்மேல் வைக்கும் வெடிச் சிமிழ் ஒன்றைக் கண்டுபிடித்தார். சக்கரம் ஏறியவுடன் அது வெடிக்கும். கைகாட்டி மரம் தெரியாவிட்டாலும் எஞ்சின் ஓட்டுநர் ஓசையைக் கேட்டு வேகத்தைக் குறைப்பார். ஒளி தோற்ற இடத்தில் ஒலியைத் துணைக்கு அழைத்த உபாயம் இது. சாலையிலோ தண்டவாளமும் இல்லை, கைகாட்டியும் இல்லை. அவனவன் வண்டியின் பின்புற விளக்கே கைகாட்டி.

அந்த விளக்கும் மிகச் சிறியதாகவே இருந்தது. பிரிட்டனில் 1927ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம் இரவில் பின்னால் ஒரு செவ்விளக்கு வேண்டுமென்றது. 1953ஆம் ஆண்டின் சட்டம் அதை இரண்டாக்கிற்று. தெளிந்த இரவுக்கு அவை போதுமானவை. மூடுபனிக்குப் போதா என்பதைச் சாலைகள் நன்றாகும் வரையில் யாரும் பெரிதாக எண்ணவில்லை. மெதுவாகப் போகும் வண்டிகள் மோதினால் தகடு நெளியும், உயிர்ச்சேதம் அருமை.

இலண்டன் பனிக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அதை 12,000 வரையில் உயர்த்தினர். அவர்களில் பெரும்பாலோர் வண்டி மோதி மாண்டவர்கள் அல்லர்; மூச்சுத் திணறி மாண்டவர்கள். அதன் பயனாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை குறைந்தது. ஆனால், பள்ளத்தாக்குகளிலும் ஆற்றோரங்களிலும் குளிர்ந்த இரவுக்குப் பின் தானே திரளும் வெண்பனியைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாதல்லவா? இந்நிலையில்தான் பிரிட்டன் நெடுஞ்சாலைகளை அமைக்கத் தொடங்கியது.

எம்-1 நெடுஞ்சாலையின் முதற்பகுதி 1959ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு வேக வரம்பு இல்லை. நடுவில் தடுப்புவேலி இல்லை. தெரு விளக்கும் இல்லை. குறுக்குத் தெரு இல்லாத நேரான சாலையைக் கண்ட ஓட்டுநர்கள், தங்கள் வண்டியின் சக்தி எவ்வளவு என்று பார்க்கத் தலைப்பட்டனர். 1965ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நெடுஞ்சாலைகளில் மூடுபனி விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. அரசாங்கம் அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் மணிக்கு 70 மைல் என்ற வரம்பைத் தற்காலிகமாக விதித்தது. 1967இல் அது நிலையானதாயிற்று. இன்றளவும் பிரிட்டிஷ் நெடுஞ்சாலைகளில் நிலவும் அந்த 70 மைல் வரம்புக்கு மூடுபனியே வித்து என்பதை அந்நாட்டவரிலும் பலர் மறந்துவிட்டனர்.

வரம்பு வந்தும் விபத்துகள் ஓயவில்லை. 1971 செப்டம்பரில் எம்-6 சாலையின் தெல்வால் பாலத்தருகே, காலை மூடுபனியில் ஏறக்குறைய 200 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டன. பத்துப் பேரளவில் மாண்டனர். இத்தகைய விபத்தில் முதல் மோதலைவிட அடுத்தடுத்த மோதல்களே கொடியவை. நின்றுவிட்ட வண்டியின் பின்புறத்தை, வருகிறவன் காண்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் பின்புற மூடுபனி விளக்குக்கான பொது விதியை 1977 ஜூனில் வகுத்தன. பிரிட்டனில் 1979 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் செய்யப்பட்டு, 1980 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு அந்த விளக்குக் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அது கட்டாயம் ஆகவே இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. பின்னால் பொருத்தும் பனிவிளக்கு ஆதலின் ‘பின்பனி விளக்கு’ எனலாமே என்று தோன்றும். ஆனால், தமிழில் பின்பனி என்பது மாசியும் பங்குனியும் சேர்ந்த பெரும்பொழுது. பின்பனிக் காலத்தில் ஏற்றும் விளக்கு என்று மாணவன் பொருள் எழுதினால் ஆசிரியர் அவனைக் குறைசொல்ல முடியாது! புகையையும் பனியையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களைப் பிணைத்து 1905இல் ஒரு மருத்துவர் இலண்டன் காற்றுக்குப் புதுப்பெயர் சூட்டினார். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. புகைமூட்டம் வேறு, பனிமூட்டம் வேறு என்று சொற்களே பிரித்துக் காட்டிவிடுகின்றன.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லளவில் நிற்பதன்று. புகைமூட்டத்தின் துகள்கள் மிக நுண்ணியவை. அவை நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியைக் குறைவாகவும் சிதறடிக்கும். அதனாலேயே புகை சூழ்ந்த நாளில் கதிரவன் செம்பழமாய்த் தோன்றுகிறான். மூடுபனியின் நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை; ஆராய்ச்சி அதற்குத் துணைநிற்கவில்லை. பின்விளக்குச் சிவப்பாக இருப்பதும் பனியைத் துளைப்பதற்காக அன்று. பின்புறம் என்றால் சிவப்பு என்று உலகம் வழக்கப்படுத்திக்கொண்டதே காரணம்.

நிறத்தால் வெல்ல முடியாததை வலிமையால் வெல்லப் பார்த்தனர். ஒளியின் வலிமையைக் கேண்டெலா என்ற அளவால் குறிப்பர். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ ஒரு கேண்டெலா. சாதாரணப் பின்விளக்குக்கு 4 முதல் 12 வரை என்பது வழக்கமான அளவு. மூடுபனி விளக்குக்கு 150 முதல் 300 வரை வகுத்தனர். அதாவது, இருபது மடங்குக்கு மேல்.

இருபது மடங்கு ஒளி இருபது மடங்கு தொலைவுக்குத் தெரியுமா என்றால், தெரியாது. பனியில் ஒளி தேயும் முறையைக் கலங்கரை விளக்கங்களை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியியலார் எமில் அலார் 1876இலேயே வரையறுத்துச் சொன்னார். ஒவ்வொரு அடியும் எஞ்சிய ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது. வட்டிக்கு வட்டி போடும் கடன்காரனைப் போன்றது பனி. பார்வை 50 மீட்டராகச் சுருங்கிய பனியில், 50 மீட்டர் கடப்பதற்குள் ஒளி இருபதில் ஒரு பங்காகிவிடும். தொலைவு மிகுவதாலேயே நேரும் தேய்வு வேறு. ஆகவே, இருபது மடங்கு வலிய விளக்கு அத்தகைய பனியில் பெற்றுத்தரும் கூடுதல் தொலைவு 50 மீட்டருக்கும் குறைவே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது மூன்று விநாடிகூட நிறைவதரிது. அந்த மூன்று விநாடிக்காகத்தான் இத்தனை சட்டமும். பிரேக்கை மிதிக்க அது பல சமயங்களில் போதும் என்பதும் உண்மை.

பனி இல்லாத இரவில் கணக்குத் தலைகீழாகிறது. விழுங்குவதற்குப் பனி இல்லாமையால் அந்த வலிமை முழுதும் பின்னால் வருகிறவன் கண்ணில் பாய்கிறது. அவன் கண் கூசுவது ஒரு தீங்கு. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு: பிரேக் விளக்கின் வலிமையும் இதற்கு இணையானதே, அல்லது குறைந்ததே. ஏற்கெனவே செஞ்சுடர் ஒன்று எரிந்துகொண்டிருந்தால், முன்வண்டி பிரேக் போட்டதைக் கண் உடனே பிரித்தறிவதில்லை. இதற்காகவே இவ்விரு விளக்குகளுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்றனர். காக்க வந்த விளக்கு எச்சரிக்கையை மறைக்கக் கூடாதல்லவா?

எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வேற்றுமை உண்டு. பிரிட்டிஷ் சாலை நெறிநூல், பார்வை பொதுவாக 100 மீட்டருக்குக் குறைந்தால் ஏற்றலாம். தெளிந்தவுடன் அணைத்தே தீரவேண்டும் என்கிறது. அந்நாட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் 100 மீட்டருக்கொன்றாகச் சிறு குறிக்கம்பங்கள் நிற்பது இதற்கு நல்ல அளவுகோல். ஜெர்மானியர் இன்னும் கண்டிப்பானவர்கள்: பார்வை 50 மீட்டருக்குக் குறைந்தால்தான் விளக்கு, அப்போது வேகமும் 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. அவர்களுடைய சாலையோரக் கம்பங்கள் நேர்ச்சாலையில் 50 மீட்டருக்கொன்று. அடுத்த கம்பம் தெரியவில்லையா, விளக்கை ஏற்று, வேகத்தைக் குறை. இவ்வளவு எளிய சட்டம் அரிது. பிரெஞ்சுக்காரர் பனிக்கும் வெண்பனிப் பொழிவுக்கும் மட்டுமே இவ்விளக்கை அனுமதித்து, மழையில் கூடாதென்று விலக்கிவிட்டனர். நனைந்த கண்ணாடியிலும் நனைந்த சாலையிலும் அச்செவ்வொளி சிதறி, பின்னால் வருகிறவனைத் தடுமாறச் செய்யும்.

கண்ணின் மயக்கம் இன்னொன்று. 1998இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் செயற்கைப் பனிக் காட்சியில் ஆராய்ந்தபோது, பனியில் ஓட்டுநன் தன் வேகத்தை உள்ளதைவிடக் குறைவாக எண்ணுகிறான் என்று கண்டனர். 2012இல் ஜெர்மனியில் நடந்த ஆராய்ச்சி, தொலைவு கூடக்கூட அடர்ந்து தோன்றும் உண்மையான பனியில் அவன் வேகத்தைக் கூடுதலாகவே எண்ணுகிறான் என்று அதை மறுத்தது. வேகத்தைப் பற்றிய வழக்கு இவ்வாறு இருக்க, தொலைவைப் பற்றி 2001இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு கவலை தருவது. பனியில் முன்வண்டியின் விளக்கைக் காண்பவர்கள் அதன் தொலைவை ஏறத்தாழ 60 விழுக்காடு மிகைப்படுத்தி மதிப்பிட்டனர். இரண்டு பனிவிளக்கு உள்ள வண்டியைவிட ஒன்றே உள்ள வண்டியில் இம்மயக்கம் மிகுந்தது. பல நாடுகளின் சட்டம் கட்டாயப்படுத்தியதோ ஒன்றைத்தான்!

முன்வண்டியின் செவ்விளக்கை விடாமல் பற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு என்று தோன்றும். அது பொய்யான துணிவு என்று பிரிட்டிஷ் நெறிநூல் எச்சரிக்கிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் வண்டி நிற்க 96 மீட்டர் வேண்டும் என்பது அந்நூலின் கணக்கு. 1984 டிசம்பர் 11ஆம் நாள், சட்டம் வந்து நான்காண்டு கழித்து, எம்-25 சாலையில் காட்ஸ்டோன் அருகே மூடுபனியில் ஒன்பது பேர் மாண்டனர். விளக்கு வண்டியைக் காட்டும், வண்டியை நிறுத்தாது.

ஐரோப்பிய வண்டிகளோடு இவ்விளக்கு மலேசிய, சிங்கப்பூர்ச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. கேமரன் மலையிலும் கெந்திங்கிலும் அதற்கு உரிய வேலை உண்டு. 1997, 2015ஆம் ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் கடுமையாகும்போதும் பார்வையை அளந்து பயன்படுத்தலாம். சமவெளியில் சோவென்று மழை கொட்டும்போது இதை எரியவிடுவதும், நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டுவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். முன்னது பிரேக்கை மறைக்கும். பின்னது திரும்பும் குறியை மறைக்கும். மழைக்கு முன்விளக்கின் தாழ்ந்த ஒளியே போதும். அதை ஏற்றினால் பின்னால் சாதாரணச் செவ்விளக்கும் சேர்ந்தே எரியும்.

அணைக்க மறப்பதுதான் பழைய நோய். இதை விதி வகுத்தவர்களும் அறிந்திருந்தனர். ஓட்டுநன் முன்னுள்ள பலகையில் மஞ்சட் குறியொன்று எரிந்து அவனுக்கு நினைவூட்டவேண்டும் என்றனர். முன்விளக்கோ முன்பனி விளக்கோ எரியாமல் இது எரியக் கூடாது என்றனர். அதுவும் போதாதென்று, வண்டியின் சிறுவிளக்குகளை அணைத்தால் இதுவும் அணைந்து, மறுபடி வேண்டுமென்றே விசையை அழுத்தும் வரையில் எரியாதிருக்கவேண்டும். இல்லையேல், அணைக்காமல் கதவைத் திறப்பவனுக்கு ஒலியெழுப்பி உணர்த்தவேண்டும் என்று எழுதிவைத்தனர்.