பெரியம்மையின் கடைசி மரணம்: ஒரு டெலிபோன் ரூம், ஒரு டெட்லைன்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நண்பர் கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். "லேப்ல இருந்து கிருமி வெளிய வந்துடுச்சுன்னு சொல்றாங்களே, அப்படி நிஜமா எங்கயாவது நடந்திருக்கா, இல்ல சினிமால மட்டும்தானா?" கொரோனா எங்கிருந்து வந்தது என்கிற சண்டைக்குள்ள நான் இப்போ போகப்போறதில்லை. அது இன்னும் முடியாத சண்டை. ஆனா கமிட்டி போட்டு விசாரிச்சு, கோர்ட் படியும் ஏறிய ஒரு பழைய கேஸ் இருக்கு. நடந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், 1978-ல்.

முதல்ல பெரியம்மை பத்தி ரெண்டு வார்த்தை. நம்ம வீட்ல "அம்மை போட்டிருக்கு"ன்னு சொன்னா இன்னைக்கு அது பெரும்பாலும் சின்னம்மைதான். வேப்பிலை கட்டி, பத்தியம் இருந்து, தலைக்குத் தண்ணி ஊத்தினா முடிஞ்சது. பெரியம்மை அப்படி இல்லை. அதன் கடுமையான வகை வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூணு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண்ணும் போனது. உங்க தாத்தா பாட்டியோட மேல்கையில வட்டமா ஒரு தழும்பு இருந்தா கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அது பெரியம்மைத் தடுப்பூசி போட்ட இடமாக இருக்கும்.

இந்த நோயை உலகத்துல இருந்தே ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் எடுத்த முயற்சி 1970-களில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரத்தில் அலி மாவ் மாலின் என்கிற ஆஸ்பத்திரி சமையல்காரருக்குப் பெரியம்மை வந்து குணமானது. இயற்கையாகப் பரவி வந்த கடைசி கேஸ் அதுதான். வெளியே வைரஸ் இல்லை. மிச்சம் இருந்ததெல்லாம் லேப் ஃப்ரீசர்களில் மட்டும்.

பத்து மாசம் கழித்து, 1978 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மெடிக்கல் போட்டோகிராபராக வேலை பார்த்த ஜேனட் பார்க்கருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வயசு 40. தலைவலி, உடம்புவலி, அப்புறம் உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மையாக இருக்கும் என்று நினைத்தார்கள். பெரியம்மைதான் உலகத்திலேயே இல்லையே, யாருக்கு அந்தச் சந்தேகம் வரும்? ஆகஸ்ட் 24-ல்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அலஸ்டர் கெடெஸ் என்கிற தொற்றுநோய் மருத்துவர் பார்த்தவுடனே சந்தேகப்பட்டார். கொப்புளத்து நீரை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது செங்கல் மாதிரியான துகள்கள் தெரிந்தன. பாக்ஸ் வைரஸ் குடும்பத்தின் உருவம் அதுதான்.

அதைப் பார்த்து உறுதி செய்தவர் பேராசிரியர் ஹென்றி பெட்சன். பெரியம்மை வைரஸ் ஆராய்ச்சியில் உலகம் மதித்த ஆள். அவருடைய பெரியம்மை லேப் இருந்ததும் அதே மருத்துவக் கல்லூரிக் கட்டடம்தான். ஜேனட் வேலை பார்த்த அனாட்டமி பிரிவு அந்த லேபுக்கு நேர் மேல் மாடி.

அந்த லென்ஸ் வழியா பார்த்த நொடியில அந்த மனுஷனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன். ஊர்ல வேற எங்கேயும் இல்லாத வைரஸ், தன்னோட ஃப்ரீசர்ல இருக்கு, மேல் மாடியில வேலை பார்க்கிற பெண்ணோட உடம்புல இப்போ இருக்கு. கணக்கு போட ரொம்ப நேரம் ஆகாது.

அடுத்த ரெண்டு வாரத்தை வேகமா சொல்லிடறேன், மெதுவா சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ஜேனட்டோடு பழகினவர்கள், பழகியிருக்கக்கூடியவர்கள் என்று 500-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். தனிமையில் வைக்கப்பட்டிருந்த ஜேனட்டின் அப்பா செப்டம்பர் 5-ம் தேதி இறந்தார். மாரடைப்பு என்று கருதினார்கள், ஆனால் தொற்று பயத்தால் பிரேதப் பரிசோதனையே செய்யவில்லை. மறுநாள் பேராசிரியர் பெட்சன் தன் வீட்டில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார், அதற்கு அடுத்த நாள் இறந்தார். வயசு 48. அதே 7-ம் தேதி ஜேனட்டின் அம்மாவுக்கு லேசான பெரியம்மை தொடங்கியது, அவர் பிழைத்துக்கொண்டார். செப்டம்பர் 11-ல் ஜேனட் இறந்தார். அப்பா இறந்ததற்கும் மகள் இறந்ததற்கும் நடுவில் ஆறே நாள். பெரியம்மையால் உலகத்தில் இறந்த கடைசி மனிதர் ஜேனட் பார்க்கர்தான்.

சரி, வைரஸ் எப்படி மாடி ஏறியது?

பேராசிரியர் ஷூட்டர் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. ஜேனட்டின் உடம்பில் இருந்தது 'அபித்' என்கிற ஸ்ட்ரெயின் என்று கண்டுபிடித்தார்கள். மூணு வயசு பாகிஸ்தான் பையன் ஒருவனிடமிருந்து எடுத்த வைரஸ், அவன் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். ஜூலை 24, 25 தேதிகளில் அதே ஸ்ட்ரெயினைத்தான் கீழ்மாடி லேபில் கையாண்டிருந்தார்கள். தேதிகளும் பொருந்தின. காற்றில் போனதா, ஆள் மூலமா, ஏதாவது பொருள் மூலமா என்று மூணு வழிகளைக் குழு யோசித்தது. அதிக வாய்ப்பு என்று அது சொன்னது, கட்டடத்தின் சர்வீஸ் டக்ட் வழியாகக் காற்று மேலே ஏறி, அனாட்டமி பிரிவில் இருந்த சின்ன டெலிபோன் ரூமுக்குள் வந்தது என்பதை. ஜேனட் அந்த ரூமை அடிக்கடி பயன்படுத்துவார். போட்டோ சாமான்கள் ஆர்டர் பண்ண போன் பேசணுமே.

ஆனா கோர்ட்டுக்குப் போனப்போ கதை மாறிடுச்சு. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் மேல் 1979-ல் வழக்கு நடந்தது. டக்ட் வழியா அவ்வளவு வைரஸ் போய்ச் சேர்ந்திருக்க முடியுமா என்று நிபுணர்களே சந்தேகம் கிளப்பினார்கள். பல்கலைக்கழகம் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. எந்த லேபிலிருந்து வந்தது என்பதில் இன்றுவரை பெரிய சந்தேகம் இல்லை. எந்த வழியில் வந்தது என்பது மட்டும் நிரூபிக்கப்படவே இல்லை.

என்னை உண்மையில உலுக்கினது டக்ட் இல்லை, ஷூட்டர் அறிக்கையோட மத்த பகுதிகள்தான். பெட்சனின் லேபை உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை மையங்களில் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. வைரஸ் வைத்திருக்கும் லேப்களைக் குறைத்துக்கொண்டே வந்த நேரம் அது. 1978 முடிவதற்குள் இழுத்து மூட வேண்டும். ஆராய்ச்சியோ பாதியில் நிற்கிறது. அவர் என்ன செய்தார்? வேலை குறைந்துகொண்டே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, உண்மையில் வேலையை ஏகத்துக்குக் கூட்டியிருந்தார்.

டெட்லைன்! நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். ரிலீஸ் தேதிக்கு முந்தின வாரம் எந்த டெஸ்ட்டை எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளுவோம்னு எனக்கு நல்லாவே தெரியும். எங்க வேலையில மிஞ்சிப்போனா சர்வர் படுக்கும்.

பெட்சன் சொன்ன பொய்யை நான் நியாயப்படுத்தலை. ஆனா இந்தக் கதையைப் படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கு ஒரு வில்லன் கிடைச்சுட்டார்னு நினைச்சேன், முழுசா படிச்சதும் அந்த நினைப்பு கரைஞ்சுடுச்சு. காரணம், ஆபத்தான கிருமிகளுக்கான அரசு ஆலோசனைக் குழு அந்த லேபை ரெண்டு தடவை வந்து பார்த்திருக்கிறது. வசதிகள் போதாது, ஆனாலும் ரெண்டு தடவையும் வேலையைத் தொடரலாம் என்றே சொல்லியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்களும் வந்து, எங்கள் தரத்துக்கு இந்த லேப் இல்லை என்று சொல்லிவிட்டு, சில சின்ன மாற்றங்களை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். லேபில் வேலை பார்த்த சிலருக்குத் தனிப் பயிற்சியே இல்லை. பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். நல்ல பெயர் உள்ள பேராசிரியர், இன்னும் கொஞ்ச மாசம்தானே, மூடத்தானே போகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 1973-ல் லண்டனில் வேறொரு லேபில் ஒரு ஊழியருக்குப் பெரியம்மை தொற்றியது. பொது வார்டில் அவருக்குப் பக்கத்துப் படுக்கை நோயாளியைப் பார்க்க வந்த ரெண்டு பேர் இறந்தார்கள். அதற்கும் முன்னாடி, 1966-ல், இதே பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில் ஒருவருக்குப் பெரியம்மையின் லேசான வகை வந்து, எட்டு வாரம் யாரும் கண்டுபிடிக்காமல், சுற்றுவட்டாரத்தில் குறைந்தது பன்னிரண்டு பேருக்குப் பரவியது. அந்த முதல் ஆள் யார் தெரியுமா? அவரும் மெடிக்கல் போட்டோகிராபர்! அந்த லேசான வகையில் சாவு மிகக் குறைவு என்பதால் ஊர் தப்பித்தது. எங்கிருந்து வந்தது என்று முறையான விசாரணை நடந்ததாகப் பதிவே இல்லை. யாராவது அன்றைக்கு உட்கார்ந்து விசாரித்திருந்தால், 12 வருஷம் கழித்து மேல் மாடிக்காரர்களுக்கும் தடுப்பூசி பட்டியலில் இடம் கிடைத்திருக்கலாம். ஜேனட் கடைசியாகத் தடுப்பூசி போட்டது 1966-ல். அது போதவில்லை.

இப்போ அதே வைரஸைக் கையாளும் ரூம் எப்படி இருக்கும்? நான்கு நிலைகளில் உச்சமான பிஎஸ்எல்-4. இதுல முக்கியமான யோசனை ரொம்ப எளிமையானது. வீட்டு சமையலறையில எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது ஹால்ல இருக்கிற காற்று உள்ளே இழுபடும், கருவாட்டு வாசம் ஹாலுக்கு வராது. அதேதான். லேபுக்குள் காற்றழுத்தத்தை வெளியை விடக் குறைவாகவே வைத்திருப்பார்கள். கதவு திறந்தாலும் காற்று உள்ளேதான் போகும். வெளியேறும் காற்று ஹெப்பா ஃபில்டரைத் தாண்டித்தான் போக முடியும். மனிதர்களுக்குத் தனிக் காற்றோடு முழு உடம்பு சூட், வெளியே வரும்போது குளியல், குப்பைக்கு ஆட்டோகிளேவ். பர்மிங்ஹாம் லேபில் உடை மாற்றிக் குளித்துவிட்டு வெளியே வர ஒரு வசதிகூட இல்லை.

தமிழ்ல சேஃப்டி, செக்யூரிட்டி ரெண்டுக்குமே "பாதுகாப்பு"ன்னு சொல்லிடறோம். இந்தத் துறையில ரெண்டும் வேற. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிட்டுப் படுக்கிறது பயோசேஃப்டி. வாசக்கதவைப் பூட்டுறது, வீட்ல என்னென்ன இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கிறது பயோசெக்யூரிட்டி. இந்தக் கணக்கு விஷயத்துல நம்ம ஊர் பெயரும் ஒரு இடத்துல வருது.

பெட்சன் அவசரமாக முடிக்கப் பார்த்த ஆராய்ச்சிகளில் ஒன்று 'வெள்ளை பாக்ஸ்' வைரஸ்கள் பற்றியது. குரங்கு மாதிரியான விலங்குகளின் திசுக்களில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட வைரஸ்கள், பெரியம்மை வைரஸிலிருந்து பிரித்தே பார்க்க முடியாதவை. விலங்குகளில் பெரியம்மை ஒளிந்திருந்தால் மனிதர்களிடம் ஒழித்து என்ன பயன்? பெரிய கேள்விதான். நெதர்லாந்து லேப் ஒன்றில் 1964-ல் அப்படி ரெண்டு வைரஸ்கள் கிடைத்திருந்தன. 1982-ல் வந்த ஆய்வு அவற்றைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ரெண்டு பெரியம்மை வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அவை நம்ம வேலூர் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டு, அதே காலத்தில் அதே லேபில் கையாளப்பட்டவை. ரெண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது குரங்குக்கு ஒன்றும் இல்லை, வேலூர் வைரஸ் லேபுக்குள்ளேயே கலந்துவிட்டது. எத்தனையோ விஞ்ஞானிகளை வருஷக்கணக்காகத் தூங்கவிடாமல் செய்த ஒரு புதிரின் முக்கியமான பகுதி, வெறும் லேப் கலப்படம். இதைப் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடலை. பெட்சனுக்கு இது தெரிய வாய்ப்பே கிடைக்கவில்லை.

1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார சபை அறிவித்தது. அதற்குப் பிறகு உலகத்தில் இருந்த வைரஸ் மாதிரிகளை அழித்தார்கள், அல்லது ரெண்டே இடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா. இன்னொன்று அப்போது மாஸ்கோ, இப்போது சைபீரியாவின் கோல்ட்சோவோ. அந்த மிச்சத்தையும் அழிக்கணுமா வேண்டாமா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரெண்டே இடம்தான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 2014 ஜூலையில் அமெரிக்காவின் பெதஸ்டா வளாகத்தில் ஒரு பழைய குளிர் அறையைக் காலி செய்தவர்கள் ஒரு அட்டைப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். உள்ளே பெரியம்மை என்று எழுதிய ஆறு கண்ணாடிக் குப்பிகள், 1950-களைச் சேர்ந்தவை. எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. சோதித்தபோது ரெண்டு குப்பிகளில் வைரஸ் அறுபது வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அட்லாண்டாவில் எல்லாவற்றையும் அழித்தார்கள்.

அடுத்த எபிசோட்ல 1979-ல் சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்துக்குப் போகலாம். அங்கே ராணுவ லேப், ஆந்த்ராக்ஸ், மாட்டாமல் விட்ட ஒரு ஃபில்டர். கேள்விகள் இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க.