அகச்சிவப்புப் படத்தின் தரம்: கண்ணுக்கா, அளவீட்டுக்கா?

அகச்சிவப்புப் படங்களைச் செம்மைப்படுத்தும் ஆய்வுகள் பல, படம் கண்ணுக்கு எவ்வளவு தெளிந்தது என்பதையே தரமாகக் கொள்கின்றன. துணை மின் நிலையத்தில் சூடேறிய கம்பி இணைப்பைத் தேடும் பணிக்கு அந்த அளவுகோல் போதாது.

இப்பணிக்கு வரும் குளிரூட்டப்படாத கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் இயங்குகின்றன. ஒரே வெப்பநிலையுள்ள சுவரைக் காட்டினாலும் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சற்றே வேறான எண்ணைத் தரும். இந்த நிலைத்த இரைச்சலை நீக்காமல் மாறுபாட்டைக் கூட்டினால் இரைச்சலே முதலில் தெரியும். இரு வெப்பநிலைகளில் கரும்பொருளைக் காட்டிப் புள்ளிதோறும் திருத்த எண்களைக் கணிப்பது மரபான வழி. கேமரா சூடேற அவை விலகிவிடும்; அதனால்தான் உள்மூடி அவ்வப்போது மூடித் திறக்கிறது. மூடியின்றி, ஓடும் காட்சியின் சராசரியைக் கொண்டே திருத்தும் முறைகளும் உண்டு. முக்காலியில் நிற்கும் கேமராவுக்கு அவை ஒவ்வா. அசையாத சூடான இணைப்பையே உணரியின் குறையாக எண்ணி மெல்ல அழித்துவிடும்.

பெரிய இழப்பு அடுத்த படியில் நேர்கிறது. 14 பிட் தரவின் 16,384 நிலைகள் திரைக்காக 256 ஆகச் சுருங்குகின்றன. 640 × 480 படத்தில் 3,07,200 புள்ளிகள். பழுதான இணைப்பு அவற்றில் 40 புள்ளிகளில் அடங்குகிறது என்று கொள்வோம். ஹிஸ்டோகிராம் சமப்படுத்தல் சாம்பல் நிலைகளைப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடுகிறது. அக்கணக்கில் இணைப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.03 நிலை. இணைப்பு முழுவதும் வெறும் வெண்திட்டாகிவிடும்; எந்த போல்ட் அதிகம் சூடு என்பது மறைந்துபோகும். பின்னணி வானமோ தன் இரைச்சலுக்கெல்லாம் நிலைகளை வாரிக்கொள்ளும். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கும் முறை இதைப் பெருமளவு சரிசெய்கிறது. படத்தை அடிப்படை அடுக்கு, நுண்விவர அடுக்கு எனப் பிரித்து முன்னதை மட்டும் சுருக்குவது அதனினும் மேல் என்பது என் மதிப்பீடு.

ஆழ்கற்றல் கொண்டு பிரிதிறனைப் பெருக்குவதில் எச்சரிக்கை வேண்டும். 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எஃப்/1 வில்லை ஒளிப்புள்ளியை ஏறத்தாழ 24 மைக்ரோமீட்டர் வட்டமாகவே குவிக்கும். இன்றைய பல உணரிகளில் புள்ளி இடைவெளியோ 12 மைக்ரோமீட்டர்தான். வில்லையே கடத்தாத நுண்மையை வலைப்பின்னல் காட்டினால், அது பயிற்சிப் படங்களிலிருந்து வந்த ஊகம். இணைப்பு எங்கே என்று தேட அந்த ஊகம் உதவலாம். அதன் வெப்பநிலையைச் சொல்ல உதவாது. மெருகேறிய அலுமினியம் தன் வெப்பத்தைக் குறைவாகவே உமிழ்ந்து சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கிறது. அதையும் எந்த வடிகட்டியாலும் திருத்த இயலாது.

ஆகவே மேம்படுத்திய படத்தை மட்டும் சேமித்து மூலத்தைக் கைவிடும் வழக்கம் நிற்க வேண்டும். 14 பிட் மூலத் தரவு, திருத்த அட்டவணை, கணக்கில் கொண்ட உமிழ்திறன் மதிப்பு ஆகிய மூன்றையும் ஆய்வாளர்கள் படத்துடன் வைக்க வேண்டும். ஆய்விதழ்கள் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.