சந்திரபாபுவின் நகைச்சுவையும் பேச்சுவழக்கும்

தூத்துக்குடியில் 1927இல் பிறந்த ஜே. பி. சந்திரபாபு, கொழும்பில் இளமையைக் கழித்து, 1947இல் 'தன அமராவதி' படத்தின்வழித் திரையுலகில் நுழைந்தார். 1974இல் மறைந்த அவர், உடலசைவால் நகைப்பூட்டியவராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆயின், அவருடைய பங்களிப்பு மொழி சார்ந்ததுமாகும்.

'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடமேற்ற அவர், ரிக்ஷாக்காரராகச் சென்னைப் பேச்சுவழக்கைக் கையாண்டார். சென்னையில் பிறவாத ஒருவர் அவ்வழக்கைத் திரையில் நிலைபெறச் செய்தமை கருதத்தக்கது.

அப்படத்தை இயக்கிய பி. ஆர். பந்துலு, 1962இல் அதனை 'தில் தேரா தீவானா' என இந்தியில் எடுத்தபோது, சந்திரபாபுவின் இடத்தில் மெஹ்மூத் நடித்தார். இடறி விழுதலை வேறொரு நடிகர் அவ்வாறே நிகழ்த்தலாம். ரிக்ஷாக்காரரின் பேச்சுக்கோ, இலக்குமொழியில் அதே சமூகத் தகுதியுடைய வழக்கொன்றைத் தேட வேண்டும். பொதுவழக்கில் பெயர்த்தால் பொருள் எஞ்சும், பாத்திரம் மறையும்.