புட்பகம் முதல் பலாலி வரை



வானிற் பறத்தல் என்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. மணிமேகலையைப் புகார் நகரிலிருந்து தூக்கிச் சென்ற தெய்வம் முப்பது யோசனை தெற்கே, மணிபல்லவத்தில் அவளை இறக்கியது. அந்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. சீவக சிந்தாமணியிலோ தெய்வம் இல்லை. தச்சன் செய்த மயிற்பொறி இருக்கிறது. வலப்புறம் திருகினால் மேலெழும், இடப்புறம் திருகினால் கீழிறங்கும் என்று அதனை இயக்கும் முறையையும் திருத்தக்கதேவர் சொல்லி வைத்தார். அதில் ஏறியவள் உல்லாசப் பயணியல்லள். நிறைசூலியான விசயை, நாடிழந்து, கணவனை விட்டுத் தப்பியோடுகிறாள். பகைவனின் வெற்றிமுரசு காதில் விழவே மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. தமிழ்க் காவியம் காட்டும் அந்த வானூர்தி ஓர் அகதியைச் சுமந்த ஊர்தி என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வானிலிருந்து நிலத்தைக் கண்டு மகிழும் காட்சிக்கு நாம் இராமகாதைக்குத்தான் செல்ல வேண்டும். காளிதாசரின் இரகுவம்சத்துப் பதின்மூன்றாம் சருக்கம் முழுவதும் ஒரு விமானப் பயணமே. சேதுவாற் பிளவுண்ட கடலையும், பஞ்சவடியையும், சித்திரகூடத்தையும், கங்கையும் யமுனையும் கலக்கும் இடத்தையும் இராமன் புட்பகத்திலிருந்து சீதைக்குக் காட்டிக்கொண்டே போகிறான். கம்பரும் மீட்சிப் படலத்தில் இவ்வாறே பாடினார். அந்த இரகுவம்சத்தைத் தமிழாக்கித் தந்தவர் நமது நல்லூர் அரச குலத்தவரான அரசகேசரி. ஆகவே இந்தக் காட்சி யாழ்ப்பாணத்துக்கு அந்நியமன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இராமன் வெறும் அழகைக் காட்டவில்லை. “இங்கேதான் உன் சிலம்பைக் கண்டேன், இந்த மலையில்தான் மழைக்காலத்தில் உன்னைப் பிரிந்து அழுதேன்” என்ற பொருள்பட, ஒவ்வோர் இடத்தையும் அங்கே பட்ட துயரத்தோடு சேர்த்தே காட்டுகிறான். பெயரும் நினைவும் இல்லாத நிலம் அவன் கண்ணிற் படவேயில்லை.

இனிக் காவியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1932 ஒக்டோபர் 15 இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அவர் ஓட்டியது ‘புஸ் மொத்’ என்னும் சின்னஞ்சிறு விமானம். அதே வகை விமானம் ஒன்றே இரத்மலானைத் தளத்தின் வரலாற்றையும் தொடக்கி வைத்தது. 1935 நவம்பர் 27 இல் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ ஒரு புஸ் மொத்தை ஓட்டிவந்து, புதிதாக அமைக்கப்பட்ட இரத்மலானைத் தளத்தில் இறக்கினார். அத்தளத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938 பெப்ரவரியில் டாட்டாவின் தபால் விமானச் சேவையும் கொழும்புவரை நீண்டது.

புஸ் மொத் ஒற்றை இயந்திரமும் இரண்டு மூன்று பேர் அமரக்கூடிய மூடிய அறையும் கொண்டது. அதன் இறக்கைகள் தலைக்கு மேலே அமைந்திருந்ததால் கீழே உள்ள நிலம் மறைவின்றித் தெரியும். மணிக்கு ஏறத்தாழ நூறு மைல் வேகத்திற் செல்லும். அந்நாளில் ஓட்டிக்கு வழிகாட்டியவை ஒரு வரைபடம், ஒரு திசையறி கருவி, ஒரு கைக்கடிகாரம், இரண்டு கண்கள். ஆறு, கரையோரம், புகையிரதப் பாதை, கோபுரம் என்று கண்ட அடையாளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, காற்று எத்தனை தூரம் பக்கவாட்டில் தள்ளியது என்று கணக்கிட்டு, வழியைத் திருத்திக்கொண்டே போகவேண்டும். இயற்கைக் காட்சியை இரசிப்பதும் வழிதேடுவதும் அவனுக்கு ஒரே வேலைதான்.

அத்தகையதொரு சிறு விமானத்திலே கோடிக்கரையைத் தாண்டி வருபவனுக்கு நமது குடாநாடு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். பாக்கு நீரிணையைக் கடக்க அரைமணி நேரமும் வேண்டாம். பின்னர் வலிகாமத்துச் செம்மண், பனங்கூடல்கள், கிணற்றைச் சுற்றிச் சதுரஞ் சதுரமாகத் தோட்டங்கள். ஆறென்று தேடினால் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு. மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகள். கிழக்கே மணற்காட்டு மணற்குன்றுகள். தெற்கே கடல்நீரேரி, அதன் முடிவில் ஆனையிறவு. ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைத் தரையில் நின்று பார்த்தால் சுவர்தான் தெரியும். அது ஐந்து முனை நட்சத்திரம் என்பதை வானிலிருந்து பார்ப்பவனே ஒரு நொடியிற் காண்பான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். போர் முடிந்த பின் அது மக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைக்கு அருகே பலாலியில் இறங்கிச் சென்னைக்குப் போயிற்று. அந்த டக்கோட்டா விமானத்துக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் ‘சீதா தேவி’. புட்பகத்திலிருந்து கடலைப் பார்த்தவளின் பெயரைத் தாங்கிய விமானம் நமது மண்ணிலே தங்கி, அதே கடலைக் கடந்து போயிற்று. பெயரிட்டவர் இதை எண்ணினாரோ இல்லையோ, அரசகேசரியைக் கற்ற நாம் எண்ணாதிருக்க முடியாது.

அந்த வானம் நெடுங்காலம் அவ்வாறே இருக்கவில்லை. 1985 இல் இலங்கை விமானப்படை இத்தாலியச் சிறு விமானங்களை வாங்கியது. ‘சியாய் மார்ச்செட்டி’ எனப்படும் அவை, விமானம் ஓட்டப் பழகுவோருக்கென உருவாக்கப்பட்டவை. அவையே குண்டு சுமந்து வந்தன. நமது சனங்கள் அதைச் ‘சியாமாச்செட்டி’ என்று தம் வாய்க்கேற்பத் தமிழாக்கிக் கொண்டனர். பின்னர் வந்தவற்றுக்குச் ‘சகடை’ என்றும், வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்றும் பெயரிட்டனர். கீழே பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள் இரைச்சலை வைத்தே விமானத்தை இனங்கண்டு பெயர் சொன்னார்கள். மேலே இருந்தவனுக்கோ கீழே இருந்த ஒருவருடைய பெயரும் தெரியாது.

1995 யூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆடிப்பிறப்பைக் குழந்தைகளுக்குப் பாடித் தந்த சோமசுந்தரப் புலவரின் ஊர் நவாலி. ஆடிப்பிறப்புக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது. குண்டு வீசியவனின் வரைபடத்தில் இச்செய்தி இருந்திருக்க வழியில்லை. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். தரைவழி அடைபட்டிருந்த காலத்தில் வான்வழியை நம்பிப் போனவர்கள் அவர்கள். விசயையின் மயிற்பொறிபோல அதுவும் உயிரைக் காக்கவென ஏறிய ஊர்திதான். வீழ்த்தியவனும் உள்ளே இருந்தோரின் பெயரை அறியமாட்டான்.

பலாலி ஓடுபாதையைச் சூழ்ந்த ஊர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன் ஆகிய ஊர்களின் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். அவர்களின் நிலங்கள் பின்னர் கட்டங் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 27 ஆண்டுகளின் பின், 2017 யூலையில். 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கிற்று; 2020 இல் நோய்த்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சீதா தேவி பறந்த வழி மறுபடி திறந்தது.

இதனால் நாம் பெறும் பாடம் என்ன? உயரே போனால் எல்லாம் தெரியும் என்று சொல்வது வழக்கம். உயரே போனால் வடிவம் தெரியும், வாழ்வு தெரியாது. அதே உயரத்திலிருந்துதான் இராமன் நிலத்தைப் பார்த்தான்; அதே உயரத்திலிருந்துதான் குண்டு வீசியவனும் பார்த்தான். ஒருவனுக்கு ஒவ்வோர் இடமும் ஒரு நினைவு. மற்றவனுக்கு அது ஒரு குறி. இருவரையும் வேறுபடுத்துவது இடத்தின் பெயரையும் அங்கே வாழ்ந்தோரின் கதையையும் அறிந்திருத்தலே.

இன்று சன்னலோரம் அமர்ந்து பலாலியில் இறங்கும் பிள்ளைகள் பலர் புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்தவர்கள். கீழே கூரையில்லாத வீடும், பற்றை மூடிய கிணறும் அவர்களுக்கு வெறும் காட்சி. பக்கத்தில் இருக்கும் அப்பாவோ அம்மம்மாவோ, “அது வசாவிளான், அங்கே தெரிவது மயிலிட்டி, அந்தக் கிணறு இன்னாருடையது” என்று சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதால், ஊர்ப் பெயர்களோடு காணிப் பெயர்களையும் ஒழுங்கைப் பெயர்களையும் கேட்டெழுதி வைப்பது நமது உடனடிக் கடமை. அந்த ஏட்டை ஒவ்வோர் ஊரின் வாசிகசாலையும் இவ்வாண்டே தொடங்கலாம்.