மரச்சுவருக்குள் இரும்புக்குழாய்: சிகாகோ வீடுகளில் மின்குழாயின் வரலாறு

மின்குழாய் என்பது மின்கம்பிகளைப் பாதுகாப்பாக உள்ளே இழுத்துச் செல்வதற்காகக் கட்டடங்களில் பொருத்தப்படும் குழாய் ஆகும். நம் ஊர் மின்பணியாளர்கள் ‘கண்டியூட் பைப்’ என்று சொல்வது இதனையே. அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகளில் மரச்சட்டச் சுவர்களுக்குள் நெகிழி உறையிட்ட கேபிள்களே ஓடுகின்றன. ஆனால் சிகாகோ நகரிலும் அதைச் சுற்றியுள்ள பல ஊர்களிலும் சாதாரண வீட்டுக்கும் உலோகக் குழாய்தான் போட வேண்டும் என்பது விதி. நாடு முழுவதும் கைவிட்ட முறையை ஒரு நகரம் மட்டும் விடாமல் வைத்திருப்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மரச்சுவரின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

மரச்சுவரின் அமைப்பு

அமெரிக்க வீட்டுச் சுவர் நம் செங்கற்சுவர் போலத் திடமானது அன்று. ‘ஸ்டட்’ எனப்படும் செங்குத்து மரச்சட்டங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு, அவற்றின் அடியிலும் மேலும் கிடைக்கட்டைகள் ஆணியடிக்கப்படுகின்றன. சட்டங்களின் மையத்திற்கு மையம் உள்ள இடைவெளி வழக்கமாக 16 அங்குலம். ‘இரண்டுக்கு நான்கு’ என்று பெயர் பெற்ற சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்திற்கு மூன்றரை அங்குலம். இந்தச் சட்டகத்தின் இருபுறமும் முற்காலத்தில் மரப்பட்டிகளை அறைந்து சாந்து பூசினர்; இப்போது ஜிப்சம் பலகைகளைத் திருகுகின்றனர். நடுவே இருப்பது வெற்றிடம்.

இந்த வெற்றிடமே மின்பணியாளருக்கு வசதி. தீக்கும் அதுவே வழி. 1830களில் சிகாகோவில் பரவிய ‘பலூன் சட்டக’ முறையில், வெளிச்சுவரின் ஸ்டட்கள் அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக எழுந்தன. விரைவாகவும் மலிவாகவும் வீடு கட்ட அது உதவியது. ஆனால் இரண்டு சட்டங்களுக்கு இடையிலான ஒவ்வொரு வெற்றிடமும் புகைபோக்கி போலச் செயல்படும். கீழே பற்றிய தீ கண்ணுக்குத் தெரியாமல் கூரையை எட்டிவிடும். பின்னர் ஒவ்வொரு மாடியையும் தனித்தனித் தளமாகக் கட்டும் முறை வந்தபோது, இடையில் வரும் கிடைக்கட்டைகள் அந்த வழியை அடைத்தன.

1871 தீயும் ஒரு பொதுநம்பிக்கையும்

சிகாகோவின் குழாய் விதிக்கு 1871 அக்டோபரில் அந்நகரை அழித்த பெருந்தீயே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அத்தீயில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர்; ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். நகரின் கட்டட விதிகளை அது மாற்றியது உண்மை. ஆனால் அப்போது வீடுகளில் மின்விளக்கே இல்லை. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது 1882 செப்டம்பரில்தான். ஆகவே 1871 தீ, மின்குழாய் விதியின் நேரடிக் காரணமாக இருக்க முடியாது. தீயைக் கண்டு அஞ்சும் ஒரு நகரத்தை அது உருவாக்கியது என்று சொல்வதே பொருந்தும். சுவருக்குள் மின்சாரம் நுழைந்தபோது அந்த அச்சம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

பீங்கானும் எரிவாயுக் குழாயும்

1880களிலிருந்து வீடுகளில் பரவிய முதல் முறை ‘குமிழ்–குழல்’ முறையாகும். போக்குக் கம்பியும் வரவுக் கம்பியும் தனித்தனியே பல அங்குல இடைவெளியில் ஓடின. மரத்தின் மேல் ஓடும் இடங்களில் பீங்கான் குமிழ்கள் கம்பியைத் தாங்கின. ஸ்டட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் பீங்கான் குழல்கள் கம்பி மரத்தைத் தொடாமல் காத்தன. கம்பியைச் சுற்றியிருந்த காற்றே மின்காப்பாகவும் வெப்பம் தணியும் வழியாகவும் அமைந்தது. முறையாகச் செய்தால் இது நன்றாகவே உழைத்தது. ஆனால் சுவருக்குள் நுழையும் ஒரு ஆணியோ எலியின் பல்லோ கம்பியை நேரடியாகத் தொட முடியும். பிற்காலத்தில் குளிரைத் தடுக்கச் சுவருக்குள் பஞ்சுபோன்ற பொருள்களை அடைத்தபோது, கம்பியின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் புதிய ஆபத்து பிறந்தது.

அதே வீடுகளில் இன்னொரு குழாய் ஏற்கெனவே இருந்தது. எரிவாயு விளக்குகளுக்காகப் போடப்பட்ட இரும்புக் குழாய் அது. அதை வெட்டவும் வளைக்கவும் மரையிடவும் தெரிந்த தொழிலாளரும் இருந்தனர். கம்பிகளுக்கென்று தனிக் குழாய் என்ற எண்ணம் முதலில் தார் ஊறிய காகிதக் குழல்களாக வடிவெடுத்தது. காகிதம் ஆணியைத் தடுக்காது என்பதால், 1890களில் அதன்மேல் இரும்பு உறை வந்தது. கம்பியின் ரப்பர்க் காப்பு மேம்பட்டபின் உள்ளிருந்த காகிதம் தேவையற்றதாகி, வெறும் எஃகுக் குழாய் மட்டும் எஞ்சியது.

காப்பீட்டாளர்கள் எழுதிய விதி

மின்பாதுகாப்பு விதிகளை அமெரிக்காவில் முதலில் வற்புறுத்தியவர்கள் தீக்காப்பீட்டு நிறுவனத்தார். எரிந்த வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் அவர்களே. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி ஆயிரக்கணக்கான மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. அங்கிருந்த மின்னமைப்புகளின் தீ அபாயத்தை ஆராய வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் பொறியாளர் வந்தார். அவர் 1894-இல் அந்நகரிலேயே தொடங்கிய சோதனைக்கூடமே இன்று ‘யூ.எல்.’ முத்திரையால் உலகெங்கும் அறியப்படும் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் ஆகும். பொறியாளர், கட்டடக் கலைஞர், காப்பீட்டாளர் ஆகியோரின் அமைப்புகள் கூடிப் பேசியதன் விளைவாக 1897-இல் தேசிய மின் விதித்தொகுப்பின் முதல் பதிப்பு வெளிவந்தது. 1911 முதல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அதன் பொறுப்பை ஏற்று நடத்துகிறது.

இத்தொகுப்பு தானாகவே சட்டம் ஆவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் நகரமும் அதை ஏற்கலாம், திருத்தலாம். 1920களில் உறையிட்ட கேபிள் சந்தைக்கு வந்து, விதித்தொகுப்பிலும் இடம்பெற்றது. மரத்தில் துளையிட்டுக் கேபிளைக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. குறைந்த நேரத்தில் குறைந்த கூலியில் வீடுகள் மின்னிணைப்புப் பெற்றன. நாடு அந்த வழியில் சென்றது. சிகாகோ குழாயிலேயே நின்றது. அந்நகரத்தின் மின்விதி 2018-இல் பெரிதும் திருத்தப்பட்டு தேசியத் தொகுப்போடு நெருங்கி வந்தபோதும் குழாய் வழக்கம் கைவிடப்படவில்லை.

மெல்லிய குழாயும் வளைக்கும் கலையும்

தொடக்ககால எஃகுக் குழாய் கனமானது. ஒவ்வொரு முனையிலும் மரை வெட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு ஏற்றதாக வந்தது ‘ஈ.எம்.டி.’ என்ற மெல்லிய எஃகுக் குழாய். அரை அங்குலக் கனத்த குழாயின் சுவர்த் தடிமன் ஏறத்தாழ 2.6 மி.மீ.; ஈ.எம்.டி.யில் அது சுமார் 1.1 மி.மீ. மட்டுமே. மரை வெட்டாமல் திருகு இணைப்புகளால் பொருத்தலாம். நீண்ட கைப்பிடி கொண்ட வளைப்பானில் வைத்து, காலால் அழுத்தி ஒருவரே வளைக்கலாம்.

இங்கே பள்ளிக்கூடக் கணிதம் தொழிலாகிறது. அரை அங்குல ஈ.எம்.டி. குழாயைத் தரையிலிருந்து 12 அங்குலம் எழும்படி 90 பாகை வளைக்க வேண்டும் என்று கொள்வோம். வளைவு தானே எடுத்துக்கொள்ளும் 5 அங்குலத்தைக் கழித்து, முனையிலிருந்து 7 அங்குலத்தில் குறியிட வேண்டும். குழாயை ஒரு தடையிலிருந்து விலக்கி மீண்டும் இணையாக ஓட வைக்க இரண்டு எதிரெதிர் வளைவுகள் தேவை. 30 பாகையில் வளைத்தால் குறிகளுக்கு இடையிலான தூரம் விலகலின் இரு மடங்கு; 4 அங்குலம் விலக 8 அங்குலம். 30 பாகையின் சைன் மதிப்பு அரை என்பதே இதன் அடிப்படை. 45 பாகைக்கு 1.4, 60 பாகைக்கு 1.2 என்ற பெருக்கெண்களைக் குழாய் வேலை செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பர்.

மரச்சுவர் இந்தக் கணக்கை மேலும் இறுக்குகிறது. குழாய் மேற்கட்டையின் நடுவில் உள்ள துளை வழியாக இறங்கும். ஸ்விட்ச் பெட்டியின் முகமோ சுவர்ப் பலகையின் மேற்பரப்போடு ஒட்டி நிற்க வேண்டும். எனவே பெட்டியின் துளையும் குழாயும் ஒரே கோட்டில் அமைவது அரிது. அந்த அரை அங்குல வேறுபாட்டைச் சரிசெய்யப் பெட்டிக்கு அருகே 10 பாகையில் 3 அங்குல இடைவெளி விட்டு இரண்டு சிறு வளைவுகள் இடப்படுகின்றன.

குறுக்கே ஓடுவது இன்னும் கடினம். 10 அடி நீளமுள்ள விறைப்பான குழாயை 16 அங்குல இடைவெளிக்குள் நின்றுகொண்டு ஸ்டட் துளைகளில் நுழைக்க இயலாது. சுவரின் திறந்த முனையிலிருந்து செலுத்த வேண்டும். இல்லையெனில் துண்டுகளாக வெட்டி இணைக்க வேண்டும். ஆகவே உத்தரங்களுக்கு இடையே அல்லது கூரையடியில் குழாயை ஓடவிட்டு, தேவையான இடத்தில் 90 பாகை வளைத்து ஸ்டட்களுக்கு நடுவே கீழிறக்குவதே வசதியான வழி. இரண்டு பெட்டிகளுக்கு இடையே எல்லா வளைவுகளும் சேர்ந்து 360 பாகையைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் கம்பியை இழுக்கும்போது உராய்வு மிகுந்து காப்பு கிழியக்கூடும்.

துளைக்கும் எல்லை உண்டு. சுமைதாங்கும் சுவரின் ஸ்டட்டில், அதன் அகலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் துளையிடுவதைப் பொதுவான வீட்டுக் கட்டட விதி அனுமதிப்பதில்லை. மூன்றரை அங்குலத்தில் அது 1.4 அங்குலம். கேபிளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. துளையின் விளிம்பு மரத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆணி நுழையாதபடி எஃகுத் தகடு அறைய வேண்டும். எஃகுக் குழாய்க்கு இத்தகடு தேவையில்லை. குழாயே தகடு என்பது விதியின் கருத்து.

எதிர்பாராமல் கிடைத்த நன்மைகள்

குழாயை முதலில் வேண்டியவர்கள் ஆணிக்கும் தீப்பொறிக்கும் அஞ்சினர். காலம் வேறு இரண்டு பயன்களைக் காட்டியது. முதலாவது புவியிணைப்பு, அதாவது எர்த். புதிய வீடுகளின் சாதாரண மின்சுற்றுகளில் புவியிணைப்புள்ள மூன்று துளைச் சாக்கெட்டுகளைத் தேசிய விதித்தொகுப்பு 1962 பதிப்பில்தான் பொதுவாகக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் கேபிள் போட்ட எண்ணற்ற வீடுகளில் புவிக்கம்பியே இல்லை. உலோகக் குழாய் போட்ட பழைய வீடுகளிலோ, இணைப்புகள் இறுக்கமாக இருந்தால், பெட்டியிலிருந்து மின்பலகை வரை குழாயே புவியிணைப்பாக அமைந்திருந்தது. பழுதான கருவியின் உடலில் மின்சாரம் ஏறும்போது, ஒருவர் உயிர் பிழைப்பதற்கும் போவதற்கும் இடையில் நிற்பது அந்த இணைப்புதான்.

இரண்டாவது, மாற்றும் வசதி. ரப்பரும் துணியும் சுற்றிய பழைய கம்பியின் காப்பு வெப்பத்தில் நாளடைவில் நொறுங்கும். கேபிள் போட்ட வீட்டில் அதை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். குழாய் இருந்தால் பழைய கம்பியை உருவி எடுத்து, அதன் முனையிலேயே புதிய கம்பியைக் கட்டி இழுத்துவிடலாம்.

தொடரும் விவாதம்

குழாய் முறைக்கு எதிரான வாதமும் வலுவானதே. வளைப்பதற்கும் வெட்டுவதற்கும் திறனும் நேரமும் வேண்டும். வீட்டின் விலையில் அந்தக் கூலி சேர்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் கோடிக்கணக்கானோர் கேபிள் வீடுகளில் வாழ்கின்றனர். தொழிலாளர் அமைப்புகளின் செல்வாக்கே சிகாகோ விதியைக் காக்கிறது என்று விமர்சகர்கள் கூறுகின்றனர். பழுதான கம்பியில் எழும் மின்பொறியைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவிகளை 2002 முதல் புதிய வீடுகளின் படுக்கையறைச் சுற்றுகளுக்கு விதித்தொகுப்பு கேட்கத் தொடங்கியது. குழாய் தடுக்கும் ஆபத்தின் ஒரு பகுதியை இக்கருவிகளும் தடுக்கின்றன.

இரண்டு அணுகுமுறைகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கருவி, தவறு நேர்ந்த பின் செயல்படுகிறது. குழாய், தவறு நேரும் முன்பே சுவருக்குள் நிற்கிறது. ஒரு வீட்டை யார் கட்டினார், அடுத்த நூறு ஆண்டுகளில் யார் யார் அதில் ஆணியடிப்பார்கள் என்பதை எந்த விதியாலும் முன்கூட்டி அறிய முடியாது. அந்த அறியாமைக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே இவ்விவாதத்தின் உள்ளீடு. மரவீடுகளால் ஒருமுறை எரிந்த நகரம் அத்தொகையை எஃகாகச் செலுத்தி வருகிறது.